பிறவிக் கண்புரைக்கு அறுவை சிகிச்சை செய்தால் குழந்தைக்குப் பார்வை முழுமையாகக் கிடைக்குமா?

ஐந்து வாரமே ஆன உங்கள் மகளின் இடக்கண்ணில் அடர்த்தியான பிறவிக் கண்புரை இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றும், குழந்தை கொஞ்சம் தேறி எடை கூடிய பிறகு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா, பெரியவர்களுக்கு வைப்பதுபோல உள்ளேயே லென்ஸ் வைத்துவிட்டால் கண்ணாடியே தேவைப்படாதா, பார்வை முழுமையாக வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளுக்கும் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போடக் கூடாது. இந்த வயதில் உள்ளே லென்ஸ் வைக்காமல் விடுவதே பெரும்பாலான குழந்தைகளுக்கு நல்லது. பார்வை எவ்வளவு கிடைக்கும் என்பது அறுவை சிகிச்சை நாளில் முடிவாவதில்லை. அதற்குப் பின் வரும் ஆறேழு ஆண்டுகளில் அந்தக் கண்ணுக்கு எவ்வளவு தெளிவான காட்சி, எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் மங்கிப்போவதே கண்புரை. அறுபது வயதுக்காரருக்கு அது வந்தால் அவர் ஓராண்டு காத்திருந்து அறுவை செய்துகொண்டாலும் பார்வை அப்படியே திரும்பிவிடும். அவருடைய மூளை பார்க்கக் கற்று முடித்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. பிறந்த குழந்தையின் நிலை அதுவல்ல. விழித்திரையில் விழும் உருவங்களைப் பெற்றுப் பெற்றுத்தான் மூளையின் பின்பகுதியில் உள்ள பார்வைப் புறணி தன் இணைப்புகளை அமைத்துக்கொள்கிறது. டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு ஆய்வாளர்கள் 1960-களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைச் சில வாரங்கள் தைத்து மூடி வைத்துப் பின்னர் திறந்து பார்த்தார்கள். கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் அந்தக் கண்ணிலிருந்து வரும் செய்திக்கு மூளையின் செல்கள் ஏறக்குறைய பதில் தரவே இல்லை. அவற்றின் இடத்தைத் திறந்திருந்த கண் எடுத்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனையின் கண்ணை அதைவிட நீண்ட காலம் மூடி வைத்தும் அத்தகைய பாதிப்பு ஏற்படவில்லை. 1981-இல் அவர்களுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. குழந்தைகளின் கண்புரையை ஏன் அவசரமாக அகற்ற வேண்டும் என்பதற்கான அடிப்படை விளக்கம் இந்த ஆய்வுகளில்தான் இருக்கிறது. கண் சரியாக இருந்தும் மூளை அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிடும் இந்த நிலையைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம்.

ஒரு கண்ணில் மட்டும் புரை இருப்பது இரு கண்களிலும் இருப்பதைவிடக் கடினமானது என்று சொன்னால் பெற்றோர் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஒரு கண் நன்றாக இருக்கிறதே என்பது அவர்களுடைய ஆறுதல். ஆனால் அந்த நல்ல கண்தான் மூளையில் போட்டியாளராக நிற்கிறது. இரண்டிலும் புரை இருந்தால் இரண்டும் சமமாகப் பின்தங்கியிருக்கும். ஒன்றில் மட்டும் இருந்தால், நல்ல கண் ஒவ்வொரு நாளும் முன்னேற, புரை உள்ள கண் ஒவ்வொரு நாளும் இடத்தை இழக்கிறது. அதனால்தான் ஒரு கண் கண்புரையை ஆறு வாரத்துக்குள்ளும், இரு கண்களிலும் இருந்தால் எட்டு முதல் பத்து வாரத்துக்குள்ளும் அகற்றிவிட வேண்டும் என்று குழந்தைக் கண் மருத்துவர்கள் கருதுகிறார்கள். இரு கண்களிலும் அடர்ந்த புரை இருந்து இரண்டு மூன்று மாதம் கடந்துவிட்டால் கண்கள் நிலைகொள்ளாமல் தாமாக ஆடத் தொடங்கும். அந்தக் கண் ஆட்டம் ஒருமுறை நிலைத்துவிட்டால், பிறகு எவ்வளவு நேர்த்தியாக அறுவை செய்தாலும் கிடைக்கும் பார்வைக்கு அது ஓர் எல்லையைப் போட்டுவிடும்.

அப்படியானால் பிறந்த மறுநாளே செய்துவிடலாமே என்ற கேள்வி எழும். அதிலும் சிக்கல் இருக்கிறது. நான்கு வாரத்துக்கு முன் அறுவை செய்யப்படும் கண்களில் பிற்காலத்தில் கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. மயக்க மருந்தின் ஆபத்தும் மிகச் சிறிய குழந்தைக்கு அதிகம். ஆகவே நான்காவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் இடைப்பட்ட காலமே ஒரு கண் புரைக்குப் பொருத்தமானது. உங்கள் மகள் இப்போது சரியாக அந்த இடத்தில் இருக்கிறாள். எடை கூடட்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்தால், இழப்பது வெறும் இரண்டு மாதமாக இருக்காது.

காலம் எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டும் ஓர் ஆய்வை எனக்கு மறக்க முடிவதில்லை. கனடாவில் டாஃப்னி மாரர், டெர்ரி லூயிஸ் குழுவினர் கண்புரை அகற்றப்பட்ட 28 கைக்குழந்தைகளுக்கு முதன்முதலாகக் கான்டாக்ட் லென்ஸ் போட்ட உடனே பார்வைக் கூர்மையை அளந்தார்கள். ஒரு வாரம் முதல் ஒன்பது மாதம் வரை வயதுள்ள அந்தக் குழந்தைகள் அனைவரின் பார்வையும் அப்போதுதான் பிறந்த குழந்தையின் அளவிலேயே நின்றிருந்தது. லென்ஸோடு ஒரே ஒரு மணி நேரம் உலகத்தைப் பார்த்த பிறகு மீண்டும் அளந்தபோதே முன்னேற்றம் தெரிந்தது. 1999-இல் வெளியான அந்த முடிவு, மூளை காத்திருந்தது என்பதையும், காட்சி கிடைத்த கணமே வேலையைத் தொடங்கிவிட்டது என்பதையும் காட்டியது.

அறுவைக்கு முன் செய்ய வேண்டிய பரிசோதனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணின் நடுவில் உள்ள கருந்துளையான பாவையில் வெண்மை தெரிந்தால் அது எப்போதும் கண்புரைதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோயும் அதே வெண்மையாகத் தெரியும். அது உயிருக்கே ஆபத்தானது. புரை அடர்த்தியாக இருந்து உள்ளே பார்க்க முடியாதபோது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்து விழித்திரையில் கட்டி இல்லை, விழித்திரை பிரிந்திருக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே அறுவைக்குப் போவார்கள். கருவில் இருக்கும்போது கண்ணுக்குள் ஓடும் ரத்தநாளங்கள் பிறப்பதற்குள் மறைந்துவிட வேண்டும். சில குழந்தைகளுக்கு அவை மறையாமல் லென்ஸின் பின்புறம் தண்டுபோல ஒட்டி நின்றுவிடும். ஒரு கண்ணில் மட்டும் வரும் புரைகளில் குறிப்பிடத்தக்க பகுதிக்கு இதுவே காரணம். அத்தகைய கண் சற்றுச் சிறியதாகவும் இருக்கக்கூடும். ஸ்கேனில் இது தெரிந்தால் அறுவையின் திட்டமும், எதிர்பார்க்கக்கூடிய பார்வையும் மாறும். எனவே உங்கள் மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

ஒரு கண் புரைக்குப் பெரும்பாலும் உடல் முழுவதற்குமான காரணம் எதுவும் கிடைப்பதில்லை. கருவுற்ற காலத்தில் தாய் எதையோ சாப்பிட்டதால் வந்தது, எதையோ பார்த்ததால் வந்தது என்று உறவினர்கள் சொல்லும் பேச்சுக்கு எந்த அடிப்படையும் கிடையாது. அதை வீட்டில் இடம்கொடுத்துக் கேட்காதீர்கள். இரு கண்களிலும் இருந்தால்தான் மரபுவழிக் காரணங்கள், கருப்பையில் ஏற்பட்ட தொற்று, வளர்சிதை மாற்றக் குறைபாடு ஆகியவற்றைத் தேட வேண்டும். கருவுற்ற தாய்க்கு ஆரம்ப மாதங்களில் ரூபெல்லா என்னும் வைரஸ் தொற்று வந்தால் குழந்தைக்குக் கண்புரை வரக்கூடும் என்பதை நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் 1941-இல் கண்டு சொன்னார். தடுப்பூசியால் முற்றிலும் தவிர்க்கக்கூடிய காரணம் இது. கேலக்டோசீமியா என்ற குறைபாட்டில் பாலில் உள்ள சர்க்கரையின் ஒரு பகுதியை உடலால் கையாள முடியாமல் லென்ஸில் எண்ணெய்த் துளிபோன்ற புரை படியும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துப் பாலை நிறுத்தினால் அந்தப் புரை அறுவையே இல்லாமல் கலைந்துவிடக்கூடும் என்பதால், இந்தச் சோதனையை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. பெற்றோர் இருவரின் கண்களையும் மருத்துவர் ஸ்லிட் லேம்ப் என்னும் கருவியில் பார்ப்பார். தனக்குச் சிறிய புரை இருப்பதே தெரியாமல் வாழ்ந்த தந்தையோ தாயோ அப்போதுதான் தெரிந்துகொள்வதும் உண்டு.

எல்லாப் புரைக்கும் கத்தி வைக்க வேண்டியதில்லை. பாவையின் நடுவில் 3 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கும் சிறு புள்ளி, ஓரத்தில் இருக்கும் புரை, ஊடே விழித்திரை தெளிவாகத் தெரியும் மெல்லிய புரை ஆகியவற்றைக் கண்ணாடி போட்டு, தேவைப்பட்டால் நல்ல கண்ணை மறைத்துக் கண்காணித்தாலே போதும். அறுவை செய்த கண் தன் குவியத்தை மாற்றும் ஆற்றலை நிரந்தரமாக இழக்கிறது என்பதால், நன்றாக வேலை செய்யும் லென்ஸை வீணாக எடுத்துவிடக் கூடாது. உங்கள் மகளுக்கு அடர்த்தியான புரை என்று சொல்லியிருப்பதால் இந்த வழி அவளுக்குப் பொருந்தாது.

அறுவை சிகிச்சை முழு மயக்கத்தில் நடக்கும். மயக்க மருந்து குழந்தையின் மூளையைப் பாதிக்குமோ என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் வருகிறது. குடலிறக்க அறுவைக்காக ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவான மயக்க மருந்து பெற்ற கைக்குழந்தைகளை, உடலின் கீழ்ப்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவை செய்யப்பட்ட குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பல நாடுகளில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2019-இல் வந்தது. ஐந்து வயதில் இரு சாராரின் அறிவு வளர்ச்சியிலும் வேறுபாடு காணப்படவில்லை. கைக்குழந்தைகளின் மயக்கத்தில் அனுபவம் உள்ள மருத்துவர் இருக்கும் இடத்தில் செய்துகொள்வது மட்டும் இன்றியமையாதது.

குழந்தையின் லென்ஸ் மென்மையானது. பெரியவர்களுக்குச் செய்வதுபோல உடைத்துக் கரைக்க வேண்டியதில்லை. சிறு துளை வழியாக உறிஞ்சி எடுத்துவிடலாம். கடினம் வேறிடத்தில் இருக்கிறது. லென்ஸைச் சுற்றியுள்ள உறை குழந்தைகளுக்கு ரப்பர்போல இழுபடும். அதில் வட்டமாகத் திறப்பு எடுப்பதற்குப் பழகிய கை வேண்டும். அதோடு, பெரியவர்களுக்குப் பின்னுறையை அப்படியே விட்டுவிட்டு, பிற்காலத்தில் மங்கினால் லேசரில் திறந்துகொள்கிறார்கள். கைக்குழந்தைக்குப் பின்னுறையை விட்டுவைத்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது ஏறக்குறைய நிச்சயமாக மீண்டும் மூடிக்கொள்ளும். லேசர் முன் அசையாமல் உட்காரும் வயதும் அதற்கில்லை. எனவே முதல் அறுவையிலேயே பின்னுறையின் நடுப்பகுதியைத் திறந்து, அதற்குப் பின்னால் உள்ள கூழ்போன்ற விட்ரியஸின் முன்பகுதியையும் அகற்றிவிடுவார்கள். பின்னாளில் செயற்கை லென்ஸ் வைக்க வேண்டி வந்தால் தாங்கிக்கொள்வதற்காக உறையின் ஓரம் விட்டுவைக்கப்படும். சிறு குழந்தைகளின் கண் அறுவைக்குப் பின் கடுமையாக அழற்சி கொள்ளும் இயல்புடையது என்பதால் ஸ்டீராய்டு சொட்டு மருந்தையும், பாவையை விரிக்கும் மருந்தையும் சொன்ன நேரத்துக்குச் சொன்ன நாள்வரை விட வேண்டும். கண் வெளுத்துவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது உள்ளே வைக்கும் லென்ஸைப் பற்றி. பிறக்கும்போது கண்ணின் முன்பின் நீளம் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு அது 23 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. அந்த வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளில் நடந்துவிடுகிறது. கண் நீளும்போது அதற்குத் தேவையான லென்ஸ் பவர் குறைந்துகொண்டே வரும். உள்ளே வைத்த லென்ஸின் பவரோ மாறாது. ஆறாம் வாரத்தில் கச்சிதமாகப் பொருந்தும் லென்ஸை வைத்தால் ஐந்து வயதில் அந்தக் குழந்தைக்கு மிகக் கடுமையான கிட்டப்பார்வை வந்து நிற்கும். அதைத் தவிர்ப்பதற்காக வேண்டுமென்றே பவரைக் குறைத்து வைப்பார்கள். ஆகவே லென்ஸ் வைத்தாலும் மேலே கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ தேவைப்படத்தான் செய்யும். உள்ளே வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம் கைக்குழந்தையைப் பொறுத்தவரை சரியானதன்று.

இந்தக் கேள்விக்கு நேரடியாக விடை தேடிய ஆய்வு அமெரிக்காவில் 2004-இல் தொடங்கியது. ஒரு கண்ணில் மட்டும் புரையோடு பிறந்து, ஒன்று முதல் ஆறு மாத வயதில் அறுவை செய்யப்பட்ட 114 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு சம பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உள்ளே லென்ஸ் வைத்தார்கள். மற்றதற்கு வெளியே கான்டாக்ட் லென்ஸ் போட்டார்கள். நாலரை வயதில் அளந்தபோது இரு பிரிவுக்கும் பார்வையில் வேறுபாடு இல்லை. ஆனால் ஐந்து வயதுக்குள் கண்ணுக்குள் மீண்டும் அறுவை செய்ய வேண்டி வந்தவர்கள் லென்ஸ் வைத்த பிரிவில் 72 சதவீதம், கான்டாக்ட் லென்ஸ் பிரிவில் 21 சதவீதம். பத்தரை வயதில் மீண்டும் பார்த்தபோதும் பார்வை சமமாகவே இருந்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த மற்றோர் ஆய்வும் ஏறத்தாழ இதையே சொன்னது. பலன் சமம், கூடுதல் அறுவைகள் அதிகம் என்றால், ஏழு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு லென்ஸ் வைக்காமல் விடுவதே சரி என்பது என் கருத்து. ஒரே ஒரு விலக்கு உண்டு. கான்டாக்ட் லென்ஸ் கிடைக்காத சூழலும், அதைப் பராமரிக்கவே முடியாத வீட்டு நிலையும் இருந்தால், எந்தத் திருத்தமும் இன்றிக் கண்ணை விட்டுவைப்பதைவிட உள்ளே லென்ஸ் வைப்பது மேல். இரண்டு வயதைக் கடந்த குழந்தைகளுக்கு முதல் அறுவையிலேயே வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. உங்கள் மகளுக்கும் சில ஆண்டுகள் கழித்து, கண் வளர்ந்த பிறகு இரண்டாவது அறுவையில் வைக்கலாம்.

கான்டாக்ட் லென்ஸ் என்றதும் பெற்றோர் நடுங்குகிறார்கள். ஆனால் பழகியவர்களின் வீடுகளில் அது குளிப்பாட்டுவதைப் போன்ற அன்றாட வேலையாகிவிடுகிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசித் துடைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் கைகள் உள்ளே இருக்குமாறு துணியில் சுற்றி மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஒரு கை விரலால் மேலிமையை எலும்போடு அழுத்தி மேலே தூக்கி, லென்ஸின் மேல் விளிம்பை அந்த இமைக்கு அடியில் முதலில் செருக வேண்டும். பிறகு கீழிமையைச் சற்று இழுத்துக் கீழ் விளிம்பையும் உள்ளே விட்டு, இரண்டு இமைகளையும் மெல்ல விட்டுவிட்டால் லென்ஸ் தானாக நடுவில் வந்து உட்காரும். அழும்போது இமைகள் இறுகும் என்பதால் முதல் சில வாரங்கள் கடினமாகத்தான் இருக்கும். சிலிகான் எலாஸ்டமர் வகை லென்ஸை மருத்துவர் சொல்லும் நாள்வரை தூக்கத்திலும் கழற்றாமல் விட முடிகிறது. காற்றுப் புகும் கடின வகையைப் பெரும்பாலும் இரவில் கழற்ற வேண்டும். கண் சிவந்தாலோ, பீளை கட்டினாலோ, வெளிச்சத்துக்குக் குழந்தை கண்ணை இறுக்கினாலோ உடனே கழற்றிவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மறுநாள் என்று விடக் கூடாது.

இந்த லென்ஸின் பவர் தொடக்கத்தில் 25 டையாப்டருக்கு மேல் இருக்கும். தேவையைவிட இரண்டு மூன்று டையாப்டர் கூட்டியே கொடுப்பார்கள். ஏனென்றால் கைக்குழந்தையின் உலகம் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, லென்ஸ் எடுத்த கண்ணால் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் மாறிக் குவிக்க முடியாது. நடக்கத் தொடங்கிய பின் தூரத்துக்குப் பொருந்துமாறு பவரை மாற்றி, கிட்டத்துக்கு பைஃபோகல் கண்ணாடி சேர்ப்பார்கள். இரு கண்களிலும் அறுவை செய்யப்பட்ட குழந்தைகளுக்குத் தடித்த கண்ணாடியே நல்ல பலன் தரும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை என்றால் கண்ணாடி வழியாகத் தெரியும் உருவம் மற்றக் கண்ணில் தெரிவதைவிட மிகப் பெரிதாக இருக்கும் என்பதால் அது ஒத்துவராது.

நல்ல கண்ணை மறைத்தல்தான் இந்தச் சிகிச்சையின் மையம். ஒட்டும் பேட்ச்சை நேராகத் தோலின் மேல், வலக்கண்ணை முழுக்க மூடி ஒட்ட வேண்டும். மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில், எட்டு மாதம் வரை குழந்தையின் வயது எத்தனை மாதமோ நாளொன்றுக்கு அத்தனை மணி நேரமும், அதன்பின் விழித்திருக்கும் நேரத்தில் பாதியும் மறைக்கச் சொன்னார்கள். உங்கள் மருத்துவர் வேறு கணக்குச் சொல்லலாம். அவர் சொல்வதைப் பின்பற்றுங்கள். அறுவை செய்த கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் இல்லாத நேரத்தில் பேட்ச் ஒட்டுவது வீண். அப்போது இரு கண்களுமே மங்கலாகிவிடுகின்றன. தூங்கும் நேரமும் கணக்கில் சேராது. பால் குடித்து முடித்து உற்சாகமாக இருக்கும் நேரத்தில் ஒட்டி, முகத்தருகே முகம் வைத்துப் பேசி, கருப்பு வெள்ளைக் கோடுகள் உள்ள பொம்மைகளைக் காட்டி அந்தக் கண்ணுக்கு வேலை கொடுங்கள். ஒன்றரை வயதில் குழந்தை பிய்த்தெறியக் கற்றுக்கொள்ளும் காலம்தான் மிகக் கடினமானது. அந்த மாதங்களில் பல குடும்பங்கள் கைவிட்டுவிடுகின்றன. அப்போது குழந்தை அழுவதற்குக் காரணம், மறைக்கப்படாத கண்ணில் பார்வை குறைவாக இருப்பதே; சிகிச்சை இன்னும் தேவைப்படுகிறது என்பதன் அடையாளம் அது. பேட்ச் ஒட்டிய நேரம் கூடக்கூடப் பார்வை சராசரியாக மேம்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் ஒழுங்காக ஒட்டியும் எதிர்பார்த்த பார்வை கிடைக்காத குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் தங்களைக் குற்றவாளிகளாக எண்ணக் கூடாது.

பேசாத குழந்தைக்குப் பார்வையை எப்படி அளப்பார்கள் என்று தோன்றும். சாம்பல் நிற அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் கருப்பு வெள்ளைக் கோடுகள் இருக்கும். குழந்தைக்கு அது தெரிந்தால் கண் அந்தப் பக்கம் திரும்பும், தெரியாவிட்டால் திரும்பாது. கோடுகளை மென்மேலும் நெருக்கமாக்கிக்கொண்டே போய்க் கூர்மையைக் கணக்கிடுவார்கள். மூன்று வயதுக்குப் பின் படங்களையோ எழுத்துகளையோ பொருத்திக் காட்டச் சொல்லலாம்.

கிளாக்கோமாவைப் பற்றி அறுவைக்கு முன்பே உங்களுக்குச் சொல்லப்பட வேண்டும். மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் பத்து ஆண்டுகளுக்குள் 22 சதவீதக் குழந்தைகளுக்கு அது வந்திருந்தது. லென்ஸ் வைத்தவர், வைக்காதவர் என்ற வேறுபாடு அதில் பெரிதாக இல்லை. அறுவை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் அது வரலாம். ஆகவே கண் அழுத்தம் பார்க்கும் வருகைகள் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். சிறு வயதில் சில சோதனைகளுக்கு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். கண்ணீர் வடிதல், வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குதல், கருவிழி பெரிதாதல் அல்லது மங்குதல் ஆகியவை நீங்கள் கவனிக்கக்கூடிய அறிகுறிகள். பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. லென்ஸ் பவர் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்துகொண்டே வந்தால், அழுத்தத்தால் கண் அளவுக்கு மீறி நீள்கிறது என்று பொருள் கொள்ள இடமுண்டு. ஆகவே ஒவ்வொரு வருகையிலும் பவர் எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. பத்தரை வயதில் அந்த அமெரிக்க ஆய்வின் குழந்தைகளில் நான்கில் ஒரு பங்கினருக்கு 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வை இருந்தது. அதாவது இயல்பான கண் 12 மீட்டரில் படிப்பதை அவர்களால் 6 மீட்டரில் படிக்க முடிந்தது. 44 சதவீதத்தினருக்கு அந்தக் கண்ணில் 6/60 அல்லது அதைவிடக் குறைவான பார்வையே கிடைத்தது. மற்றவர்கள் இடையில் இருந்தார்கள். இவை உயர்ந்த தரத்தில், இலவசமாக லென்ஸும் பேட்ச்சும் கொடுத்துத் தொடர்ந்து கவனிக்கப்பட்ட குழந்தைகளின் எண்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இரு கண்களையும் சேர்த்து ஆழத்தை உணரும் திறன் ஒரு கண் புரையில் நன்றாக அமைவது அரிது. மாறுகண்ணும் பெரும்பாலோருக்கு வந்து, சிலருக்கு அதற்கும் அறுவை தேவைப்படுகிறது.

இவ்வளவு பாடுபட்டு இதுதான் பலன் என்றால் எதற்காகச் செய்ய வேண்டும் என்று கேட்பது நியாயமே. உங்கள் மகளின் வலக்கண் நன்றாக இருப்பதால் அவள் இயல்பாகப் படிப்பாள், விளையாடுவாள், வேலைக்குப் போவாள். அதற்கு இடக்கண் தடையாகாது. ஆனால் வாழ்நாளில் என்றாவது வலக்கண்ணுக்கு அடிபட்டாலோ நோய் வந்தாலோ, இடக்கண்ணில் 6/24 இருப்பதற்கும் ஒன்றுமே இல்லாததற்கும் உள்ள வேறுபாடு, பிறர் துணையின்றி நடமாடுவதற்கும் நடமாட முடியாததற்கும் உள்ள வேறுபாடாகிவிடும். ஐந்து வாரத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டிருக்கும் குழந்தைக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மூன்று நான்கு வயதில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படும் அடர்ந்த ஒரு கண் பிறவிப் புரைக்கு நான் அவ்வளவு அழுத்தமாகச் சொல்லமாட்டேன். அங்கே அறுவை செய்யாமல் விடுவதையும் பெற்றோரோடு பேசி முடிவெடுக்கலாம். எந்த முடிவானாலும் நடக்கத் தொடங்கியதும் உங்கள் மகளுக்கு எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போட்டு நல்ல கண்ணைக் காயத்திலிருந்து காக்க வேண்டும்.

இரு கண்களிலும் புரையோடு பிறந்த குழந்தைகளின் பெற்றோர் இதைப் படித்தால் மனம் தளர வேண்டாம். உரிய காலத்தில் அறுவை செய்து, கண் ஆட்டம் வருவதற்குமுன் கண்ணாடியும் போட்டுவிட்டால் அவர்களில் பலர் வழக்கமான பள்ளியில் அச்செழுத்தைப் பார்த்தே படிக்கிறார்கள். முகங்களின் நுட்பமான வேறுபாடுகளைப் பிரித்தறிவது போன்ற சில திறன்களில் மட்டும், கைக்குழந்தைப் பருவத்தில் இழந்த சில மாதங்களின் தடம் பல ஆண்டுகள் கழித்தும் தெரிகிறது என்று மாரர் குழுவினர் 2001-இல் காட்டினார்கள். காலம் கடந்துவிட்டவர்களுக்கும் கதவு முழுதாக மூடிவிடுவதில்லை. இந்தியாவில் பவன் சின்கா என்ற ஆய்வாளர் தொடங்கிய பிரகாஷ் திட்டத்தில், இரு கண் புரையோடு எட்டு வயதையும் பதினைந்து வயதையும் கடந்த பிள்ளைகளுக்கு அறுவை செய்தார்கள். கூர்மை ஓரளவுக்கு மேல் உயரவில்லை. கையால் தொட்டு அறிந்த பொருளை அறுவை முடிந்த உடனே கண்ணால் அவர்களால் அடையாளம் காண முடியவில்லை. சில நாள்களில் அந்தத் திறன் வந்துவிட்டது. தனியாக நடக்கவும், பொருள்களை அடையாளம் காணவும் அவர்கள் கற்றார்கள். விபத்தாலோ ஸ்டீராய்டு மருந்தாலோ ஏழு எட்டு வயதில் வரும் புரையில், மூளை ஏற்கெனவே பார்க்கக் கற்றிருப்பதால், கண்ணின் மற்றப் பகுதிகள் கெடாமலிருந்தால் பார்வை பெரும்பாலும் நன்றாகத் திரும்பும்.

லென்ஸ் தானாகவே மீண்டும் வளரும் முறை வந்துவிட்டதாமே, அதற்குக் காத்திருக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். சீனாவில் 12 கைக்குழந்தைகளுக்கு அப்படிச் செய்த ஆய்வு 2016-இல் வெளியானது உண்மை. அது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. அதற்காக ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இந்த வாரத்திலேயே குழந்தைகளுக்கென்று பயிற்சி பெற்ற கண் அறுவை மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேனில் விழித்திரை எப்படி இருக்கிறது, கண் சிறியதா, அறுவை முடிந்த எத்தனை நாளில் கான்டாக்ட் லென்ஸ் கிடைக்கும், அதைப் போடவும் கழற்றவும் யார் கற்றுக்கொடுப்பார்கள், தொலைந்தால் மாற்று எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைச் சிறியதென்று விடாதீர்கள். லென்ஸ் தொலைந்து மாற்று வர ஒரு மாதமானால், அந்த மாதம் முழுவதும் அந்தக் கண் மீண்டும் மூடப்பட்ட கண்தான். கூடுமானால் கையில் ஓர் உபரி லென்ஸ் எப்போதும் இருக்கட்டும். அடுத்த குழந்தை பிறக்கும்போது, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஆப்தால்மோஸ்கோப் கருவியால் இரு பாவைகளிலும் சிவந்த ஒளி தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.